மூன்று மாதத்துக்கு ஒரு வீடு

கடிதம் ஜெர்மனியிலிருந்து வந்தது. கடிதம் என்பது பழக்க தோஷம், வந்தது மின்னஞ்சல்தான். எழுதியவர் என்னைப் போலவே மொழிபெயர்ப்பில் காலம் தள்ளுகிறவர். வயது அறுபதைத் தாண்டிவிட்டது, தனி ஆள், முழங்காலில் வலி. அவர் இருக்கும் ஹாம்பர்க் பக்கம் டிசம்பர் கடைசியில் பகல் என்பதே ஏழரை மணி நேரம்தான். அதிலும் சூரியன் முகம் காட்டுகிற நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். கேரளத்தின் தென்கோடியில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி, டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் ஆரம்பம் வரை தங்க ஒரு கிராமத்து வீடு பார்த்துத் தர முடியுமா என்று கேட்டிருந்தார். ஹோட்டல் வேண்டாம். யோகா வேண்டாம். எண்ணெய் தேய்த்துவிட ஆள் வேண்டாம். எழுத ஒரு மேஜை, கூப்பிடு தூரத்தில் கடல், அமைதி. அமைதி என்ற சொல்லுக்கு மட்டும் அடிக்கோடு.

என்னிடம் கேட்டதற்குக் காரணம் உண்டு. என் தாயார் குழித்துறைக்காரர். அவருடைய தங்கையை, அதாவது என் சித்தியை, பாறசாலையில் கட்டிக் கொடுத்தார்கள். இரண்டு ஊருக்கும் நடுவே சில கிலோமீட்டர் தூரமும் ஒரு மாநில எல்லையும். சென்னையில் குடியேறி இருபது வருடம் ஆன பிறகும், அந்தப் பக்கத்து ஆள் என்று நண்பர்கள் மத்தியில் எனக்கு ஒரு பெயர் இருக்கிறது. அதைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் போன ஆகஸ்டில் ரயில் ஏறினேன்.

போகும் வழியெல்லாம் ஒரு யோசனை. குளிருக்குப் பயந்து வீடு மாறுவது என்பது நமக்குப் பழக்கமில்லாத சங்கதி. தொல்காப்பியம் ஆண்டை ஆறு பெரும்பொழுதாகப் பிரிக்கிறது. அதில் முன்பனி, பின்பனி என்று பனிக்கே இரண்டு பங்கு. ஆனாலும் நம் ஊரில் பனிக்காலம் என்றால் அதிகாலையில் ஒரு சால்வை, தலைக்கு ஒரு மஃப்ளர், அவ்வளவுதான். நாம் பயந்தது வெயிலுக்கு. நம்மை ஆண்டவர்களும் வெயிலுக்குத்தான் பயந்தார்கள். 1820களில் சல்லிவன் ஊட்டியில் வீடு கட்டியதும், 1845-இல் அமெரிக்கப் பாதிரிமார்கள் கொடைக்கானலில் குடில் போட்டதும் சமவெளி வெக்கை தாங்காமல்தான். அன்று மலைக்கு ஏறிய ஐரோப்பியர்கள் இன்று கடற்கரைக்கு இறங்கிவருகிறார்கள். கடற்கரை, அதாவது நெய்தல், ஆறு பெரும்பொழுதுக்கும் உரியது என்று இலக்கணக்காரர்கள் சொல்லிவைத்தது எவ்வளவு வசதியாகப் போயிற்று!

சித்தி வீட்டு வாசலில் கால் வைத்ததும் முதல் கேள்வி: "மக்களே, நீ மதாம்மைக்கு வீடு பாக்க வந்தியாமே. உனக்குன்னு ஒரு வீடு பாத்தியா?" சென்னையில் நான் வாடகை வீட்டில் இருப்பது சித்திக்கு ஆறாத வருத்தம்.

காஞ்சிரங்குளத்தைத் தேர்ந்தெடுத்தவர் சித்தியின் மகன். எனக்குத் தம்பி முறை. அவருடைய ஸ்கூட்டரின் பின்னால் நான்கு நாள் அலைந்தேன். காஞ்சிரம் என்பது எட்டி மரம். மலையாளத்தில் இன்றும் புழங்கும் சொல். தமிழில் நிகண்டோடு நின்றுபோனது. எட்டி மரத்துக் குளத்தை ஊர்ப்பெயராக வைத்துக்கொண்டவர்கள் நல்ல தண்ணீர்க் கிணறுகளோடு வாழ்கிறார்கள். தெற்கே பூவாறு, அகத்தியமலையில் பிறந்த நெய்யாறு அங்கேதான் கடலில் கலக்கிறது. வடக்கே சொவ்வரை, புளிங்குடி, விழிஞ்ஞம், அதற்கப்பால் உலகம் அறிந்த கோவளம். மேற்கே கடல். உள்நாட்டுப் பக்கம் பலராமபுரத்துக் கைத்தறி. அங்குள்ள சாலியர் தெருக்களின் முன்னோர்கள் திருவிதாங்கூர் அரசர்கள் காலத்தில் தமிழ்நாட்டுப் பக்கமிருந்து அழைத்துவரப்பட்டவர்கள். செம்மண் மேடு, தென்னை, மரவள்ளி, வாழை, ரப்பர் கொஞ்சம். கண்ணை மூடிக்கொண்டு வந்தால் விளவங்கோட்டுக்கும் இதற்கும் வித்தியாசம் சொல்ல முடியாது.

வித்தியாசத்தை உண்டாக்கியது 1956. அந்த நவம்பர் 1-ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்துக்கு வந்தன. நேசமணியின் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் நெய்யாற்றின்கரையையும், தேவிகுளம், பீர்மேட்டையும் சேர்த்தே கேட்டது. கிடைக்கவில்லை. அதனால்தான் சித்திக்கு ரேஷன் கார்டு மலையாளத்தில். என் தாயாருக்குத் தமிழில். கோவித்துக்கொள்ளும்போது மட்டும் இருவருக்கும் ஒரே மொழி.

இந்தக் கரையில் அமைதி தேடி வந்த முதல் ஜெர்மானியர் என் நண்பர் அல்ல. சென்னை ஐ.ஐ.டி. 1959-இல் மேற்கு ஜெர்மனியின் உதவியோடு தொடங்கப்பட்டது. அங்கே பாடம் நடத்த வந்த கிளவுஸ் ஷ்லாய்ஸனர் என்ற பேராசிரியர், புளிங்குடியில் கடலைப் பார்த்த பாறை மேட்டில் தனக்கென்று ஒரு வீடு கட்டிக்கொண்டார். பிறகு, இடிபடவிருந்த பழைய கேரள மரவீடுகளை விலைக்கு வாங்கி, பிரித்து, கொண்டுவந்து அதே மேட்டில் மறுபடி பொருத்தினார். நண்பர்கள் தங்க வந்தார்கள். நண்பர்களின் நண்பர்கள் வந்தார்கள். தனி மனிதரின் ஒதுங்கிடம் 'சூர்ய சமுத்ரா' என்ற விடுதியானது. பின்னர் கைமாறி, பெயரும் மாறிவிட்டது. பக்கத்துச் சொவ்வரையில் 1985-இல் வந்த சோமதீரம் ஆயுர்வேதத்தையும் கடலையும் ஒரே கட்டணத்தில் சேர்த்து விற்க ஆரம்பித்தது. அதற்குப் பிறகு எத்தனையோ. இன்று அந்தச் சாலையில் ஜெர்மன் மொழியில் எழுதிய பெயர்ப்பலகைகளைப் பார்க்கலாம். அமைதி தேடி ஒருவர் வந்தால், அதே அமைதியைத் தேடி இன்னும் நூறு பேர் வர வழி பிறந்துவிடுகிறது. ஷ்லாய்ஸனரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாம் விறகு விலைக்குத் தள்ளிய வீடுகளில் சிலவாவது அவரால் நின்றன.

நாங்கள் முதலில் போய் மாட்டிக்கொண்டது ஒரு புரோக்கரிடம். வெள்ளை வேட்டி, இரண்டு செல்போன். வாடகை என்ற சொல்லே அவர் காதில் விழவில்லை. "வாடகை எதுக்கு சாரே? பத்து சென்ட் இருக்கு, கடல் தெரியும். மதாம்மை பணம் அனுப்பட்டும். பத்திரம் சாரோட பேரில். அவங்க காலம் வரைக்கும் அவங்க இருக்கட்டும்." காலம் முடிந்த பிறகு என்ன என்பதை ஒரு புன்னகையில் முடித்துவிட்டார்.

அந்தப் புன்னகைக்குப் பெயர் பினாமி. 2016-இல் திருத்தப்பட்ட சட்டப்படி ஏழாண்டு வரை சிறை, சொத்து மதிப்பில் கால் பங்கு வரை அபராதம். கோவளத்திலிருந்து பூவாறு வரை இந்த மாதிரிக் கதைகள் டீக்கடைக்கு ஒன்று கிடைக்கும். உள்ளூர்க்காரர் பெயரில் வீடு வாங்கிய வெளிநாட்டவர் அடுத்த வருடம் வந்து பார்த்தால் பூட்டு மாறியிருக்கும். புகார் கொடுக்கப் போனால் கொடுத்தவரே குற்றவாளி. சட்டம் சொல்வது சிக்கலானதல்ல. இந்திய வம்சாவளி இல்லாத வெளிநாட்டவர் சுற்றுலா விசாவில் வந்து இங்கே வீடோ மனையோ வாங்க முடியாது. ஐந்து ஆண்டுக்கு மேற்படாத குத்தகைக்கு எடுக்கலாம். அதற்கு ரிசர்வ் வங்கியின் அனுமதி தேவையில்லை. வெளிநாடு வாழ் இந்தியர்களும் ஓ.சி.ஐ. அட்டைக்காரர்களும் வீடு வாங்கலாம், ஆனால் விவசாய நிலமோ தோட்டமோ பண்ணைவீடோ வாங்கக் கூடாது. நியூஜெர்சியிலும் டொரண்டோவிலும் இருந்துகொண்டு தாமிரபரணிக் கரையில் தென்னந்தோப்புக் கனவு காண்பவர்கள் இந்த இரண்டாவது பாதியைக் கவனிக்க வேண்டும். இலங்கைக் குடியுரிமையோடு இருப்பவர்களுக்கு வீடு வாங்கவே ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி வேண்டும்.

ஒரு சொல்லைப் பற்றியும் எச்சரிக்க வேண்டும். தமிழில் நிலம் என்றால் எல்லா நிலமும்தான். கேரளத்து வருவாய்ப் பதிவேட்டில் 'நிலம்' என்று இருந்தால் அது நெல்வயல். வீட்டு மனையாகவும் தோப்பாகவும் இருப்பது 'புரயிடம்'. 2008-ஆம் ஆண்டின் நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு முதல் வகையில் நினைத்தபடி வீடு எழுப்ப முடியாது. கடலோர ஒழுங்குமுறை விதிகள் வேறு. அவற்றை மீறினால் என்ன ஆகும் என்பதை 2020 ஜனவரியில் கொச்சி அருகே மரடில் அடுக்குமாடிகள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டபோது தேசமே தொலைக்காட்சியில் பார்த்தது. தமிழ் எம்.ஏ. படித்தவன் என்ற தைரியத்தில் மலையாளப் பத்திரத்தை நானே படித்துப் புரிந்துகொள்ளலாம் என்று நினைத்திருந்தேன். பழக்கமான சொல்தான் ஆளைக் கவிழ்க்கும் என்பது மொழிபெயர்ப்பாளனுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

ஆக, வாடகைதான். புரோக்கர் அதோடு எங்கள் மேல் இருந்த அக்கறையை விட்டுவிட்டார்.

வாடகைக்கு வீடு என்று தேட ஆரம்பித்த பிறகுதான் ஊர் வேறு மாதிரி தெரிந்தது. சந்துக்கு மூன்று வீடு பூட்டிக் கிடக்கிறது. பாழடைந்த வீடுகள் அல்ல. மாடி வைத்தவை, பளபளக்கும் இரும்புக் கதவு, மதில் மேல் விளக்கு, போர்ட்டிகோவில் துணி போர்த்திய கார். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போதே கேரளத்தில் 11 லட்சத்துக்கு மேற்பட்ட வீடுகள் ஆளில்லாமல் இருந்தன; ஏறக்குறைய பத்தில் ஒன்று. சொந்தக்காரர்கள் மஸ்கட்டில், குவைத்தில், துபாயில். இப்போது பெண்கள் நர்ஸ் வேலைக்கு லண்டனுக்கும், என் நண்பரின் ஜெர்மனிக்கும்கூடப் போகிறார்கள். ஹாம்பர்க்கில் முதியவர்களுக்கு ஊசி போட இங்கிருந்து ஒரு பெண் போகிறாள். அந்த முதியவர்களில் ஒருவர் அவள் வீட்டுச் சாவியைக் கேட்டு எனக்குக் கடிதம் எழுதுகிறார். இருவர் விமானமும் வானத்தில் எங்கேயோ ஒன்றையொன்று கடந்திருக்கலாம்.

இதில் ஒரு விசித்திரம். வளைகுடாப் பள்ளிகளுக்குப் பெரிய விடுமுறை ஜூலை, ஆகஸ்டில். ஆகவே சொந்தக்காரர்கள் குடும்பத்தோடு ஊருக்கு வருவது அப்போதுதான். கர்க்கடக மாதத்து அடைமழையில் பிள்ளைகளை வீட்டுக்குள் அடைத்துவைத்துக்கொண்டு ஒரு மாதம். நல்ல பருவமான டிசம்பர், ஜனவரி, பிப்ரவரியில் வீடு பூட்டியே கிடக்கும். ஜெர்மன்காரர் கேட்பது சரியாக அந்த மூன்று மாதத்தை. ஆயுர்வேதத்திலும் இதே தலைகீழ் உண்டு. இங்குள்ளவர்கள் உடம்பைத் தேற்றிக்கொள்ளும் மாதம் கர்க்கடகம். வெளிநாட்டவர் எண்ணெய்ப் படுக்கையில் ஏறும் மாதம் ஜனவரி.

பருவத்தைப் பற்றிச் சொல்வதில் பொய்யில்லை. வடகிழக்குப் பருவமழை நவம்பரோடு தணிந்துவிடும். டிசம்பரில் சில நாள் மழை பெய்யலாம். அதற்குப் பிறகு பகலில் 31, 32 டிகிரி, இரவில் 22, 23. வருடத்தின் மிகக் குறுகிய பகலே பதினொன்றரை மணி நேரத்துக்கு மேல். மார்ச் பிறந்தால் புழுக்கம் தொடங்கும். அப்போது ஊருக்குத் திரும்பிவிடுவது புத்திசாலித்தனம்.

ஆனால் அமைதி? அங்கேதான் எனக்கு மனச்சாட்சி உறுத்த ஆரம்பித்தது. ஜெர்மனியில் ஒரு சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 235 பேர். திருவனந்தபுரம் மாவட்டத்தில் 2011 கணக்குப்படியே 1,500-க்கு மேல். இங்கே கிராமம் என்பது வயலுக்கு நடுவே தனித்து நிற்கும் நாலு வீடு இல்லை. பாறசாலையில் ஆரம்பித்த மதில் திருவனந்தபுரம் வரை முடிவதே இல்லை. ஒரு வீட்டில் தேங்காய் துருவினால் அடுத்த வீட்டில் தெரியும். மேலும், அமைதி இருக்கிற மாதம் கர்க்கடகம். மழையில் திருவிழா கிடையாது, பந்தல் கிடையாது, மேடை கிடையாது. மழை விட்டதும்தான் ஊருக்கு வாய் வருகிறது. விருச்சிகம் ஒன்று முதல் 41 நாள் மண்டல காலம், விடியலில் ஐயப்பன் பாட்டு. அது முடிவதற்குள் கிறிஸ்துமஸ் கேரல் கோஷ்டி, நட்சத்திர விளக்கு, வெடி. பிறகு மகரம், கும்பம் என்று கோயில் உற்சவங்கள், சர்ச்சுகளில் ஒன்பது நாள், பத்து நாள் திருநாள்கள். இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ஆம் ஆண்டின் விதிகள் சொல்கின்றன. உச்ச நீதிமன்றமும் 2005-இல் அழுத்திச் சொல்லியிருக்கிறது. அந்தத் தீர்ப்பு குழாய் கட்டிய தென்னை மரத்துக்கு எட்டியதாகத் தெரியவில்லை. என் நண்பர் கேட்கும் மூன்று மாதங்கள், வருடத்திலேயே இந்த ஊர் மிகவும் உரக்கப் பேசும் மாதங்கள். இதை எழுதிச் சொல்லாமல் வீடு பேசி முடித்தால் அது மோசடி.

மூன்றாம் நாள் சொவ்வரைப் பக்கம் பாறை மேட்டில் கொஞ்ச நேரம் நின்றோம். வடக்கே, கரையோரமாக, விழிஞ்ஞம் துறைமுகத்தின் கிரேன்கள். 2015-இல் அடிக்கல் நாட்டி, 2025 மே 2-ஆம் தேதி நாட்டுக்கு அர்ப்பணித்தார்கள். கிட்டத்தட்ட மூன்று கிலோமீட்டர் நீளத்துக்குக் கடலுக்குள் கல் கொட்டி அலை தடுத்திருக்கிறார்கள். கரை அரிக்கிறது, வீடு போகிறது என்று 2022-இல் மீனவர்கள் மாதக்கணக்கில் போராடினார்கள். இரவில் அந்தத் திசையில் இருட்டு என்பது இனிமேல் இல்லை. பக்கமாகவே கழக்கூட்டத்திலிருந்து காரோடு வரை புறவழிச்சாலை. கடைசிப் பதினாறு கிலோமீட்டர் கான்கிரீட். சித்தி வீட்டிலிருந்து விமான நிலையத்துக்கு முன்பு எத்தனை சிக்னல், இப்போது எத்தனை நிமிடம் என்று தம்பி பெருமையாகக் கணக்குச் சொன்னார். கண்டெய்னர் லாரிகளைப் பற்றிக் கேட்டேன். "அது வரும்போ பாக்கலாம்" என்றார்.

கடல் அன்று எண்ணெய் போலக் கிடந்தது. அதையும் முழுக்க நம்புவதற்கில்லை. 2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கி வந்தபோது பூந்துறை, விழிஞ்ஞம், பூவாறு முதல் குமரி மாவட்டத்துத் தூத்தூர், வள்ளவிளை வரை ஏராளமான படகுகள் கடலில் இருந்தன. எச்சரிக்கை வந்து சேர்ந்தபோது அவர்கள் கரையில் இல்லை. நூற்றுக்கணக்கானவர்கள் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். மாநில எல்லையை அந்தப் புயல் பார்க்கவில்லை. இரண்டு பக்கத்துத் தாய்மார்களும் ஒரே கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். குளிர்காலச் சுற்றுலாவுக்கான விளம்பரத் தாள்களில் இந்த டிசம்பர் வருவதில்லை.

வீடு நான்காம் நாள் அமைந்தது. காஞ்சிரங்குளம் சந்தியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒரு சந்தில், தெற்குப் பார்த்த மாடி வீடு. மகனும் மருமகளும் மஸ்கட்டில். சாவி பக்கத்து வீட்டில் தனியாக இருக்கும் அவருடைய தாயாரிடம். எழுபத்தைந்து வயதுக்குக் குறையாது. ஊரே அவரை அம்மச்சி என்கிறது, நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். மாடியில் கான்கிரீட் தளம் பகல் முழுக்கச் சூட்டைக் குடித்து இரவில் கக்கும். கீழ் அறை பரவாயில்லை. கிணறு உண்டு, மேஜை உண்டு. நெய்யாற்றின்கரை அரசு மருத்துவமனைக்கு ஆட்டோ கிடைக்கும். லாரி பேக்கர் என்ற ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் 1960களின் முடிவில் திருவனந்தபுரத்தில் குடியேறி, இந்தக் காற்றுக்கும் வெயிலுக்கும் எப்படிச் செங்கலில் சல்லடை போல ஓட்டை விட்டுச் சுவர் எழுப்ப வேண்டும் என்று 2007-இல் இறக்கும் வரை கட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். வளைகுடாப் பணத்துக்கு அவர் வீடுகள் போதுமான அளவு பளபளக்கவில்லை.

"இங்க முன்னாடி ஓட்டு வீடு இல்லையா, அம்மச்சி?" என்று கேட்டேன்.

இருந்ததாம். மச்சு போட்ட வீடு. இதைக் கட்டுவதற்காக இடித்தார்களாம். கதவு, நிலை, தூண் எல்லாவற்றையும் ஒரு வியாபாரி ஒரு டெம்போவில் ஏற்றிக்கொண்டு போனான். எங்கேயோ ரிசார்ட்டுக்கு என்று கேள்வி. என் நண்பர் எதிர்பார்த்து வரும் வீடு அந்த டெம்போவில் போய்விட்டது.

வாடகை விஷயம் மகனிடம் வாட்ஸ்அப்பில் பத்து நிமிடத்தில் முடிந்தது. அவர் கவலையெல்லாம் போலீஸ் பற்றி. வெளிநாட்டவர் வந்து தங்கினால் 24 மணி நேரத்துக்குள் வீட்டுக்காரர் இணையம் வழியாகத் தகவல் தர வேண்டும். தம்பி செய்துவிடுவார் என்று சொன்ன பிறகு சமாதானமானார். ஒரு அறை மட்டும் பூட்டியிருக்கும், அதில் பிள்ளைகளின் சைக்கிள் இருக்கிறது என்றார்.

அம்மச்சிக்கு வாடகையில் அக்கறை இல்லை. வீட்டைச் சுற்றிக் காட்டும்போது சுவர் ஓரத்தில் குனிந்து எதையோ சுரண்டினார். "ஆளு கேறாத்த வீட்டில் சிதலு கேறும், மோனே." பழந்தமிழில் கறையானுக்குச் சிதல் என்று பெயர். உரை இல்லாமல் எனக்கு அந்தச் சொல் வகுப்பறையில் புரிந்ததில்லை. இங்கே விரல் நுனியில் மண்ணாக ஒட்டியிருந்தது.

பிறகு அவர் கேள்வி கேட்க ஆரம்பித்தார். வருகிறவர் ராத்திரி வராந்தா விளக்கைப் போடுவாரா? ரேடியோ வைப்பாரா? ஆட்கள் வந்துபோவார்களா? நான் மிகவும் சாமர்த்தியமாக, அவர் தொந்தரவு இல்லாதவர், எழுதிக்கொண்டே இருப்பார், சத்தமே வராது என்று அடித்துச் சொன்னேன். அம்மச்சியின் முகம் வாடிவிட்டது. எனக்கு அது புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. சாயங்காலம் ஆறரைக்கு மேல் இடது பக்கத்து வீடு இருட்டு, வலது பக்கத்து வீடு இருட்டு, எதிர்வீடும் இருட்டு. டி.வி.யை உரக்க வைத்துக்கொண்டு அவர் அந்த மூன்று வீட்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறார். அமைதி அவரிடம் தேவைக்கு மேல் இருக்கிறது.

சென்னை திரும்பியதும் நண்பருக்கு எல்லாவற்றையும் எழுதினேன்: ஐயப்பன் பாட்டு, வெடி, திருநாள் பத்து நாள், மாடிச் சூடு, துறைமுக வெளிச்சம், பூட்டிய அறை. பக்கத்து வீட்டு டி.வி.யையும் மறைக்கவில்லை. தொடர்கள் இத்தனை மணிக்கு ஆரம்பித்து இத்தனை மணிக்கு முடியும் என்று அம்மச்சியிடம் கேட்டுக் குறித்து வந்ததையும் அனுப்பினேன். மூன்றாம் நாள் பதில் வந்தது. வீடு சரி, டிக்கெட் எடுத்தாகிவிட்டது. சாயங்காலம் ஏழு மணிக்குத் தொடர் ஆரம்பமாகிறது என்றால் அந்த நேரத்தில் தான் கடற்கரைப் பக்கம் நடந்துவிட்டு வருவதாக எழுதியிருந்தார்.

அம்மச்சிக்குப் போன் போட்டுச் சொன்னேன். "இருட்டில் ஒத்தைக்கா? வேண்டாம். இவிடெ வந்து இருக்கச் சொல்லு. கதை நான் சொல்லிக் கொடுக்காம்" என்றார்.

இதை இன்னும் நான் மொழிபெயர்த்து அனுப்பவில்லை.